தலை நிமிராமல் அழுத்த ஒரு பட்டன்

பிள்ளைகளே, உங்கள் உம்மா முகம் கவிழ்ந்து இருந்த அந்தப் பதினைந்து நாட்களைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் இப்போது சிரித்துச் சிரித்துக் கதைக்கிறீர்கள். உம்மாவின் தங்கச்சி, உங்கள் சாச்சி, சீமெந்துத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு உம்மாவுக்கு ரொட்டி பிய்த்து ஊட்டியதை இளையவள் நடித்துக் காட்டும்போது எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் அந்த நாட்களில் நடந்த ஒன்றை நீங்கள் பிழையாக விளங்கி வைத்திருக்கிறீர்கள். அதற்கு நான்தான் காரணம். வாயால் சொல்லத் தொடங்கினால் நடுவில் வேறு எதையாவது சொல்லித் தப்பிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை கண்டால் மூத்தவள் திருத்திக்கொள்ளட்டும்.

உம்மாவின் இடது கண் பிறந்ததிலிருந்தே மங்கல். ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. பத்திரிகை, கதைப் புத்தகம், கடையில் சாமான் சுற்றித் தந்த கடதாசி, எல்லாவற்றையும் உம்மா வாசித்தது வலது கண்ணால்தான். அந்த வலது கண்ணில் ஒரு நாள் காலை, ஓரத்திலிருந்து கறுப்புச் சீலை ஒன்று இறங்குவது போல் இருக்கிறது என்றார். நோவில்லை என்பதால் நானும் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த நாள் சீலை பாதிக் கண்ணை மூடிவிட்டது. கொழும்புக்கு ஓடினோம். கண்ணுக்குள் பின்சுவரில் ஒட்டியிருக்கும் சவ்வு கழன்றுவிட்டது என்றார்கள். ஒப்பரேஷன் செய்து அதை மறுபடி ஒட்டவைத்து, விலகாமல் இருப்பதற்காகக் கண்ணுக்குள் ஒரு எண்ணெயை விட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாதி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பதினைஞ்சு நாள் முகம் நிலத்தப் பாத்தபடி இருக்கவேணும். சாப்பிட, பாத்ரூம் போக மெல்லமா எழும்பலாம். மற்ற நேரம் தலை நிமிரக்கூடாது. சடார் எண்டு அசையக்கூடாது, எங்கயும் அடிபடக்கூடாது. எண்ணெய் போய் அமத்தினாத்தான் சவ்வு ஒட்டும். திரும்பக் கழண்டா எங்களால ஒண்டும் சொல்ல ஏலாது."

நான் தலையாட்டினேன். உம்மாவுக்கு இருப்பதே அந்த ஒரு கண்தான் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். அது அவருக்குத் தெரியாதா என்று நினைத்து, சொல்லாமல் வந்துவிட்டேன்.

வீட்டில் நடு அறையில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளை எதிரெதிராகப் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்றில் உம்மா இருப்பார். மற்றதன் முன் விளிம்பில் துவாயைச் சுருட்டி வைத்து, அதில் நெற்றியைக் கொடுத்துக் குனிந்திருப்பார். களைத்தால் மெத்தையில் குப்புறப் படுப்பார். இதுதான் அவருடைய பகலும் இரவும். முதல் நாள் பொறுத்தார். இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாருங்க, எனக்கு நேரம் போகுதில்ல. வேணுமெண்டு செய்யல்ல, நேரம் போகாட்டித் தலை தன்பாட்டுல நிமிருது."

அந்தச் சொல் என்னைப் பயப்படுத்தியது. நோவு என்றால் குளிசை கொடுக்கலாம். நேரம் போகாததற்கு என்ன கொடுப்பது? போனைக் கொடுக்க முடியாது. கட்டாரிலிருந்து மாமா வீடியோவில் வந்து, "தாத்தா, முகத்தக் காட்டுங்க" என்று தன் அக்காவைக் கேட்டதும் உம்மா நிமிர்ந்ததை நான் கண்ணால் கண்டேன். உடனே போனை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"நல்ல வேலை செஞ்சீங்க மச்சான்," என்றார் சாச்சி. "அவட கையில போன் இருந்தா, ஊரே காதுக்குள்ள வந்து குந்திக்கிட்டிருக்கும்."

அப்போதுதான் மூத்தவள் சொன்னாள், போன் வராத, படமும் பார்க்கத் தேவையில்லாத சின்னப் பாட்டுப் பெட்டி இருக்கிறது என்று. அதில் பாட்டுத்தான் கேட்க வேண்டும் என்றில்லை. ஆட்கள் இருந்து கதைக்கிற பாட்காஸ்ட் இருக்கிறது, முழுப் புத்தகத்தையும் ஒருவர் வாசித்து ஒலியாகப் போட்டதும் இருக்கிறது, எல்லாவற்றையும் இறக்கி அதற்குள் ஏற்றலாம் என்றாள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கொப்பித் தாளில் எழுதியும் தந்தாள். சார்ஜ் ஒரு நாளாவது நிற்க வேண்டும். மெமரி கார்ட் போட இடம் இருக்க வேண்டும். காதுக்குள் வைக்கிற சாமான் கண் கட்டின் பட்டியில் சிக்கி நோகும், ஆகவே அதிலேயே ஸ்பீக்கர் இருக்க வேண்டும். நிறுத்திய இடத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். இந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டபோது உம்மா கவிழ்ந்தபடியே சொன்னார்:

"கையால தடவினா விளங்குற பட்டன் உள்ளதா எடுங்க. கண்ணாடி மாதிரி வழுக்குறது வேணாம். எனக்குப் பாத்து அமத்த ஏலாதே."

இதை நீங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை. ஒருத்தி குளித்துக்கொண்டிருந்தாள், மற்றவள் டியூஷனில். சாச்சியும் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். நான் மட்டும்தான் கேட்டேன். அதனால்தான் இவ்வளவு நாளும் இது எனக்கும் உம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது.

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு போன் கடைக்குப் போனேன். கடைத் தம்பி நல்ல மரியாதைக்காரன். கதிரை இழுத்துப் போட்டான். நான் கேட்டதும் நாலைந்து சாமான்களை எடுத்துக் கண்ணாடி மேசையில் பரப்பினான். பட்டன் வைத்த இரண்டு இருந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. பெருநாள் கடையில் பிள்ளைகளுக்கு விற்கிற விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தன. பக்கத்தில் ஒன்று கறுப்பாக, மெல்லியதாக, கண்ணாடி முகத்தோடு மினுங்கிக்கொண்டு கிடந்தது.

"யாருக்கு காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"வீட்டுக்காரிக்குத் தம்பி. கண் ஒப்பரேஷன்."

"அப்ப நல்லதாக் குடுங்க. இந்தச் செவப்பும் பச்சையும் ஆறு மாசம் நிக்காது. இதப் பாருங்க, கார்ட் போடலாம், ஸ்பீக்கர் இரிக்கி, விட்ட இடத்துல இரிந்து பாடும், ரெண்டு நாளைக்கிச் சார்ஜ் போதும்."

"பட்டன் இருக்கா?"

"பட்டனெல்லாம் அந்தக் காலம் காக்கா. இது விரல் பட்டாலே போதும்."

மூத்தவள் எழுதிய தாளில் இருந்த எல்லாம் அதில் இருந்தது. பட்டன் தாளில் இல்லை. உம்மா வாயால் சொன்னதுதான் அது. கண் தெரியாமல் கவிழ்ந்திருக்கிற ஆள் இதை எப்படி நிறுத்துவது என்று அவனிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. இப்படியான கடைகளில் எனக்கு ஒரு கூச்சம் உண்டு. விளங்காததை விளங்கவில்லை என்று சொன்னால் மட்டமாக நினைப்பார்கள் என்று, எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று சொல்லிவிடுவேன். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். கண் போகுமோ என்று கிடக்கிற உங்கள் உம்மாவின் கையில் அந்தச் சிவப்பு விளையாட்டுச் சாமானைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நல்லது வாங்கிக் கொடுத்தேன் என்று இருக்கவேண்டும் போலிருந்தது. கறுப்பை எடுத்தேன்.

வீட்டில் அதை உம்மாவின் கையில் வைத்தேன். பெருவிரலால் சுற்றிவரத் தடவிப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம், ஓரம்.

"பட்டன் எங்க?"

"விரல் பட்டாலே போதுமாம்."

விரலை மறுபடி ஒரு முறை ஓரத்தால் ஓட்டினார். பிறகு, "நல்லா இரிக்கி. பாரமில்ல," என்றார்.

அன்று பின்னேரம் மூத்தவள் கார்டில் ஏற்றினாள். தமிழில் பெயர் போட்டால் அந்தச் சாமான் எழுத்துக்குப் பதிலாகப் பெட்டி பெட்டியாகக் காட்டியது. இளையவள் அதைப் பார்த்து, "உம்மா, உங்கட கதையெல்லாம் பிஸ்கட்டாப் போச்சி," என்றாள். உம்மா கவிழ்ந்தபடியே குலுங்கிச் சிரிக்க, நான் பாய்ந்து போய்த் தோளைப் பிடித்தேன், அசைய வேண்டாம் என்று. பிறகு எல்லாவற்றுக்கும் ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு ஏற்றினீர்கள்.

முதல் கதை தொடங்கியது. கப்பலில் போகிற ஒரு குடும்பத்தின் கதை. இரண்டு கதிரைக்கும் நடுவே ஒரு ஸ்டூல் வைத்து, அதில் பிளேயரை வைத்தோம். உம்மாவின் முகத்துக்கு நேர் கீழே ஒரு பொம்பிளையின் குரல் வாசித்துக்கொண்டிருந்தது. உம்மாவின் தோள் இறுக்கம் விட்டுத் தாழ்வதை நான் கண்டேன். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு மூட்டையை இறக்கிவைத்தது போல இருந்தது. நான் வாங்கியது பிழையில்லை என்று அன்று நினைத்தேன்.

நோய் விசாரிக்க ஆட்கள் வந்த விதமும் உங்களுக்குத் தெரியும். பின்வீட்டு மாமி வந்து, "முகத்தப் பாக்காம எப்பிடி விசாரிக்கிற?" என்று கதிரைக்குக் கீழே தலையை விட்டு, நிமிர முடியாமல் மாட்டிக்கொண்டார். சாச்சி அவரை இடுப்பில் பிடித்து வெளியே இழுத்தார். எனக்கு ஒவ்வொரு ஸலாமும் பயம்தான். ஸலாம் கேட்டால் உம்மா ஆளைப் பார்த்துப் பதில் சொல்லத் தலையைத் தூக்குவார். வாசலிலேயே நின்று, "உள்ளுக்குப் போய் மெல்லமாச் சொல்லுங்க," என்று எல்லாரிடமும் கெஞ்சினேன். ஆனால் இவ்வளவு யோசித்த நான் பாங்கை யோசிக்கவில்லை.

நம் வீட்டில், பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் எது ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுத்துவோம். டிவியோ ரேடியோவோ, பாங்கு முடியும் வரைக்கும் சத்தம் இருக்காது. உங்களுக்கு நான் இதைச் சொல்லித் தந்ததாகவே நினைவில்லை, பார்த்துப் பழகிவிட்டீர்கள். ஒரு பள்ளியில் தொடங்க மற்றப் பள்ளியிலும் தொடங்கும், நாலைந்து பாங்கு ஒன்றன்மேல் ஒன்றாக வரும். முதல் இரண்டு மூன்று நாளும் யாராவது பக்கத்தில் இருந்தோம். பாங்கு தொடங்கியதும் யாராவது ஒருவர் பிளேயரைக் கையில் எடுத்து, ஓரத்தில் அழுத்தி, வெளிச்சம் வந்ததும் விரலால் மேலே தள்ளி, அந்தச் சின்ன அடையாளத்தைத் தொட்டு நிறுத்தினோம். எங்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. கண்ணிருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

லீவு முடிந்து நான் மில்லுக்குப் போகத் தொடங்கினேன். சம்மாந்துறையில் நான் மெஷின் ஓட்டுகிற அரிசி மில்லில், தவிட்டுத் தூசி எழும்பினால் முன்னால் நிற்கிற ஆள் தெரியாது. நாங்கள் சுவிச்சைக் கண்ணால் தேடுவதில்லை, கை தானாகப் போகும். இருபது வருடமாக அப்படி வேலை செய்கிற எனக்கு, கடையில் நின்ற அந்த நேரத்தில் இது புத்தியில் வரவில்லை.

அப்படி ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம். நீங்கள் இரண்டு பேரும் டியூஷனில். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் சாச்சி பின்வளவில் காய்ந்த நெல்லை அள்ளப் போயிருந்தார். உம்மா தனியே பாட்காஸ்ட் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தார். பாங்கு தொடங்கியது. சாச்சியைக் கூப்பிட்டார், கேட்கவில்லை. கையை நீட்டி ஸ்டூலில் பிளேயரைத் தடவினார். ஓரத்தில் அழுத்தினார். அதன் கண்ணாடி முகத்தில் விரலை இழுத்தார். நிற்கவில்லை. அடுத்ததற்குத் தாவிவிட்டது. அடுத்தது தொடங்கும்போது மேளமும் கிற்றாரும் சேர்ந்த பெரிய இசை வரும். மறுபடி இழுத்தார், சத்தம் கூடிவிட்டது. பாங்கு நடக்கிறது, யன்னல் திறந்து கிடக்கிறது, வீட்டுக்குள்ளிருந்து மேளச் சத்தம் தெருவுக்குப் போகிறது. உம்மா பதறிவிட்டார். பதற்றத்தில் தலையைத் தூக்கி, அந்த மங்கல் கண்ணால் வெளிச்சம் எங்கே என்று பார்த்து, இரண்டு கையாலும் எட்டிப் பிடிக்க, ஸ்டூல் சரிந்தது. அதைப் பிடிக்கப் போனவரின் கண் கட்டு, முன் கதிரையின் கைப்பிடியில் அடிபட்டது.

சாச்சி ஓடிவந்தபோது உம்மா தரையில் முழங்கால் குத்தி, முகத்தைத் தரைக்குக் கொடுத்தபடி இருந்தாராம். சாச்சியிடம் முதலில் கேட்டது, "பாட்டு நிண்டுட்டா?" என்பதாம்.

நான் வந்தபோது நீங்களும் வந்துவிட்டீர்கள். உம்மா துவாயில் நெற்றியை வைத்தபடி இருந்தார். மூத்தவளே, நீ நடு அறையில் நின்று அழுதுகொண்டு ஏசினாய்.

"பதினைஞ்சு நாள், பதினைஞ்சே நாள் உங்களுக்குக் குனிஞ்சி இருக்க ஏலாதா உம்மா? சாச்சி வாறவரைக்கும் அது பாடினா என்ன? ஏன் தலையத் தூக்கினீங்க? சின்னப் புள்ளயா நீங்க? ஒரு சொல் கேக்குறீங்களா?"

உம்மா சொன்னார், "ஓம் மகள், நான்தான் பிழை விட்டன்."

நான் கதவடியில், தவிட்டுத் தூசியோடு நின்றேன். உம்மா சொன்னதைக் கேட்டேன். நீ பயத்தில் ஏசுகிறாய் என்று எனக்குத் தெரியும். அந்த ஏச்சு யாருக்குப் போக வேண்டியது என்றும் தெரியும். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போய், கை கழுவுகிற மாதிரி நெடுநேரம் நின்றேன்.

கிளினிக் கார்டில் இருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு தாதி கேட்ட கேள்விகளை நான் உம்மாவிடம் கேட்டு, பதிலை அவரிடம் சொன்னேன். ரத்தம் வருகிறதா? இல்லை. நோவு கூடுகிறதா? இல்லை. வேறு ஏதும்? உம்மா கொஞ்சம் தயங்கி, "மின்னல் மாதிரி ஓரத்துல ரெண்டு தரம் அடிச்சிச்சி," என்றார். அதைச் சொன்னதும் தாதி என்னைக் காத்திருக்கச் சொன்னார். யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். "இவ்வளவு தூரம் இப்ப வேன்ல ஆட்டிக்கொண்டு வரவேணாம். அப்பிடியே குனிஞ்சி இருக்கட்டும். நோவு கூடினா, கண் செவந்தா உடன வாங்க. இல்லாட்டிச் சொன்ன நாளைக்கி வாங்க." சொன்ன நாளுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

அடுத்த நாள் காலை நான் மில்லுக்குப் போகவில்லை. அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறினேன். கல்முனைக் கடைத் தம்பியின் முகத்தில் முழிக்க வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை. பஸ் நிற்கிற சந்திக்குக் கிட்ட, டோர்ச், ரேடியோ, மணிக்கூடு எல்லாம் விற்கிற ஒரு கடை. முதலாளி என் வயதுக்காரர்.

"பாட்டுக் கேக்குற சின்னப் பெட்டி எத்தின வகை இருக்கோ, எல்லாத்தையும் எடுங்க," என்றேன்.

எடுத்து வைத்தார். நான் நெற்றியை மேசைக் கண்ணாடியில் வைத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையால் ஒன்றை எடுத்தேன்.

"காக்கா, என்ன? தலை சுத்துதா? சோடா ஒண்டு எடுக்கட்டா?"

"இல்ல. இப்பிடியே வெச்சிக்கிட்டு இத நிப்பாட்ட ஏலுமா எண்டு பாக்கன்."

"யாரு இப்பிடித் தலைகீழாக் கிடந்து பாட்டுக் கேக்குற?"

"என்ட வீட்டுக்காரி."

டோர்ச் வாங்க வந்து நின்ற ஒருவர், "வௌவாலையா கலியாணம் முடிச்சிரிக்கீங்க?" என்றார். கடைக்குள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. தலையைத் தூக்காமலே சொன்னேன், ஒரே கண், ஒப்பரேஷன், கவிழ்ந்த தலை, பாங்கு, ஸ்டூல், எல்லாவற்றையும். வாழ்க்கையில் கடைக்காரன் ஒருவனிடம் விளங்காததை விளங்கவில்லை என்று சொன்னது அன்றுதான். டோர்ச்காரர், "அல்லாஹ் சுகத்தக் குடுப்பான்," என்று என் முதுகைத் தொட்டுவிட்டுப் போனார். முதலாளி கதவருகே போய் ரேடியோச் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து, தானும் மேசையில் நெற்றியை வைத்தார். இரண்டு பேரும் அப்படியே கிடந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலாவதில் பட்டன் எல்லாம் ஒரே அளவு, எது எதுவென்று விரலுக்குத் தெரியவில்லை. இரண்டாவதில் நடுப்பட்டன் பெரிதுதான், ஆனால் அழுத்த இறுக்கம். சாமானே நகர்ந்து போனது. மூன்றாவது நல்லது போலிருந்தது. நிறுத்திவிட்டுத் திரும்ப அழுத்தினால் முதலாவது பாட்டிலிருந்து தொடங்கியது. மணித்தியாலக் கணக்கான கதையில் இடம் தேட உம்மா எங்கே போவார்?

"இதெண்டாச் சரியா வரும்," என்று முதலாளி குர்ஆன் ஓதுகிற பெட்டி ஒன்றைக் கையில் தந்தார். நல்ல பெரிய பட்டன். "உள்ளுக்கு இரிக்கிறத அழிச்சிட்டுக் கதைய ஏத்தலாம்."

"ஓதுறத அழிச்சிட்டா?"

அவரும் ஒரு நொடி யோசித்தார். "ஓம், அது சரிவராதுதான்," என்று திரும்ப வாங்கி, இரண்டு கையாலும் மேல் தட்டில் வைத்தார்.

கடைசியாக, கீழ்ப்பெட்டியிலிருந்து தூசி தட்டி எடுத்தது சாம்பல் நிறத்தில், குளிக்கிற சவர்க்காரக் கட்டி அளவு. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் ஒரு உருண்டைப் பட்டன், அதன் தலையில் ஒரு புள்ளி தடித்திருந்தது. அழுத்தினால் 'டிக்' என்று காதுக்கும் கேட்டது. அடியில் ரப்பர், அதனால் வழுக்கவில்லை. பத்துத் தரம் நிறுத்தி, பத்துத் தரம் தொடங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்கியது. ஒரு முறை முழுதாக அணைத்து, திரும்பவும் போட்டுப் பார்த்தேன். அப்போதும் அந்த இடம்தான். நிமிர்ந்தபோது என் நெற்றியில் கண்ணாடியின் ஓரம் கோடு போட்டிருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் பிளேயரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாங்கின் முதல் சொல்லுக்கே 'டிக்' என்று கேட்கும், பாங்கு எல்லாம் முடிந்ததும் இன்னொரு 'டிக்'. உம்மாவின் கை மட்டும் போய்வரும், தலை அசையாது. ஆனால் என் பயம் போகவில்லை. சவ்வு ஏற்கனவே கழன்றிருந்தால் இனி நல்ல பட்டன் வந்து என்ன? மில்லில் ஒவ்வொரு பாங்குக்கும் வீட்டுக்குப் போன் எடுத்தேன். "மின்னல் அடிச்சா?" என்று கேட்பேன். "இல்ல மச்சான், வேலையப் பாருங்க," என்பார் சாச்சி. ஒரு நாள் அரிசி உடைந்து குறுணியாக வருவதைக் கவனிக்காமல் நின்றுவிட்டேன். மில் முதலாளி ஏசினார். அது எனக்கு உறைக்கவே இல்லை.

சொன்ன நாளில், கொழும்புக் கிளினிக்கில் டொக்டர் உம்மாவின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார். மேலே பார், கீழே பார், இடது, வலது. நான் சுவரில் சாய்ந்து நின்றேன். கடைசியில், "ஒட்டியிருக்கு," என்றார். நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடிக்குமுன், "கீழ் ஓரத்துல ஒரு சின்ன இடம் மட்டும் சரியா ஒட்டயில்ல. அதுக்கு லேசர் அடிப்பம்," என்றார்.

உம்மாவை லேசர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகு கேட்டேன். "சேர், அது அடிபட்டதாலயா?"

"அதால எண்டும் சொல்ல ஏலாது, இல்ல எண்டும் சொல்ல ஏலாது," என்றார் டொக்டர். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. குற்றமில்லை என்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது வேனில், உம்மா என் மடியில் தலையணை வைத்துக் கவிழ்ந்திருந்தார். இன்னும் ஏழு நாளைக்கு அப்படி இருக்கச் சொல்லியிருந்தார்கள். நான் மெல்லமாகச் சொன்னேன், "நீ பட்டன் உள்ளதத்தானே கேட்ட. நான்தான்..."

"தெரியும்."

"புள்ளைக்கிட்டச் சொல்லப்போறன்."

"சொல்லாதீங்க," என்றார் உம்மா. "உம்மா அவசரக்காரி எண்டு அதுகளுக்கு முன்னமே தெரியும். வாப்பாவப் பத்தி அப்பிடி நினைக்க வேணாம்."

நான் அதற்கு இணங்கினேன். இணங்குவது எனக்கு லேசாக இருந்தது, அதனால்.

இப்போது உம்மா உங்கள் முகம் காண்கிறார். பத்திரிகையில் பெரிய எழுத்தை வாசிக்கிறார். சின்ன எழுத்து இன்னும் பிடிபடவில்லை. அது கீழ் ஓரத்தில் ஒட்டாமல் போன இடத்தாலா, வேறு எதனாலா என்று நான் இனி யாரையும் கேட்கப் போவதில்லை. அடுத்த மாதம் கண்ணுக்குள் இருக்கிற எண்ணெயை எடுக்கப் போகிறோம். எடுத்த பிறகு சவ்வு தானாக நிற்க வேண்டும். நிற்கும் என்றுதான் டொக்டர் சொல்கிறார். எனக்குத்தான் நம்பப் பயமாக இருக்கிறது. திரும்பவும் கவிழ்ந்திருக்கச் சொல்வார்களோ தெரியாது. சொன்னால், நீங்கள் திரும்பவும் உம்மாவைச் சுற்றி நின்று, "போன முறை மாதிரித் தலையத் தூக்காதீங்க," என்று சொல்வீர்கள். நேற்றே இளையவள் சொல்லிவிட்டாள். உம்மா சிரித்துக்கொண்டு, "ஓம்," என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் இன்னொரு முறை நிற்க முடியாது. உம்மா சொல்வழி கேட்காதவர் இல்லை. உம்மாவின் சொல்லைக் கேட்காதது நான். தடவினால் விளங்குகிற பட்டன் வேண்டும் என்று அவர் கேட்டார், நான் மினுங்குகிறதை வாங்கிக்கொண்டு வந்தேன். மூத்தவளே, நீ அன்று நடு அறையில் ஏசியது எனக்கு ஏச வேண்டியது. இதை வாசித்து முடித்ததும் முதலில் உம்மாவிடம் போ. பிறகு என்னிடம் வா. இன்று மில் இல்லை, நான் வீட்டில்தான் இருக்கிறேன்.